மல்லிகாவின் கையிலிருந்து கொட்டிய பொரி

பாலாஜி கண்ணு,

உன்னுடைய டெல்லி ரயில் டிக்கெட்டை உன் நைனா போனில் வைத்துக்கொண்டு, தான் காவலுக்கு நிற்கிற அடுக்குமாடி வாசலில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். பால் பாக்கெட் வாங்க இறங்கி வந்த ஒரு ஐடி கம்பெனிப் பெண்ணிடம், "எம் புள்ள டெல்லிக்குப் போறாம்மா, இனிமே மிலிட்டரி நியூஸ் எல்லாம் அவன்தான் சொல்லப் போறான்" என்றாராம். அந்தப் பெண்ணும் நல்ல மாதிரி, "சூப்பர் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ வண்டி ஏறுவதற்குள் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. போனில் ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, உன் ஆபீசில் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. நானும் அனுப்புவதற்கு முன் மல்லிகாவுக்குப் படித்துக் காட்டத்தான் போகிறேன். என் பக்கத்து மேசையில் இத்தனை வருஷமாக வேலை செய்கிறவள், நான் ஓவர்டைம் பார்த்த நாட்களில் உனக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடத்தைத் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொடுத்து வாத்தியாரிடம் உன்னை அடி வாங்க வைத்தவள். இதில் பாதி அவள் கதை.

வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. குமணன்சாவடி சிக்னல் பக்கம் மெட்ரோ தூணுக்கு அடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கிறவர்கள் நம் மாடி ஜன்னலிலிருந்து நிழல் நிழலாகத் தெரிகிறார்கள். மழை என்றால் எனக்கு அந்தக் கனவு வரும். உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் நாங்கள் ஒட்டி ராணுவத்துக்கு அனுப்பிய மழைக்கோட்டுகள் எல்லாம் எழுந்து நின்று, வரிசையாக, சத்தமே இல்லாமல் ஹைவேயில் நடந்து வரும். திருமழிசைப் பக்கமிருந்து வந்து, நம் சிக்னலில் பச்சை விழும்வரை பொறுமையாக நின்று, பிறகு எங்கோ ஒரு மலையைப் பார்த்துப் போகும். உள்ளே முகம் தெரியாது. நான் ஓரமாக நின்று ஒவ்வொரு தோள்பட்டையாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன், எங்காவது தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று. கடைசியில் ஒரு கோட்டுக்குள்ளிருந்து, "இறங்கலம்மா" என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்டதும் விழித்துக்கொள்வேன். "அது நான்தானாம்மா?" என்று நீ கேட்பாய். நீ இல்லை கண்ணு, யாரோ பெற்ற பிள்ளை. ஆனால் யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அவன் நனையக் கூடாது என்பது எனக்கு உண்மையிலேயே முக்கியம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்களைப் பற்றி வந்த எந்தச் செய்தியிலும் இது வரவில்லை.

எங்கள் கம்பெனி ராணுவத்துக்கு மழைக்கோட்டும் தண்ணீர்ப் பையும் செய்து கொடுக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒட்டு ரூம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ வந்து பார்த்த அன்று அது ஒட்டு ரூமாகவே இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன். ரப்பர் பூசிய துணியைத் தைத்தால் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியும். அதனால் தையலின் மேல் ஒரு பட்டை வைத்து ஒட்ட வேண்டும். பஞ்சர் கடையில் டியூபுக்குத் தடவுகிறார்களே சொல்யூஷன், அதே இனம்தான். அங்கே கட்டை விரல் அளவு டியூபில் இருக்கும், இங்கே டின் டின்னாக இருக்கும். பிரஷ்ஷில் தொட்டுத் தடவிவிட்டு, அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வரும்வரை காத்திருந்து பட்டையை வைத்து அழுத்த வேண்டும். காற்று பட்டால் அந்தப் பதம் தப்பிவிடும், பால் ஆறினால் ஏடு கட்டுகிற மாதிரி மேலே கட்டிவிடும், பிறகு என்ன அழுத்தினாலும் பிடிக்காது. அதனால் ஒட்டுகிற நேரம் முழுக்க, நெடியை வெளியே இழுக்கிற ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஜன்னல்களையும் சாத்திவிடுவார்கள். எங்கள் ரூமில் ஒட்டாத நேரம் என்று ஒன்று கிடையாது.

முதலில் கொஞ்ச நேரம் தலை வலிக்கும். அப்புறம் வலிக்காது. அதுதான் விஷயமே. அப்புறம் எல்லாம் சுகமாக இருக்கும். டியூப் லைட் கொஞ்சம் தள்ளிப் போய்விடும், பக்கத்தில் பேசுகிறவர்கள் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்கும், கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருக்க நாம் மேலே எங்கோ மிதந்துகொண்டிருப்போம். மல்லிகா பாடுவாள், என்ன பாட்டு என்று அவளுக்கே தெரியாது. ஒருத்தி எதற்கென்று தெரியாமல் அழுவாள், அழுதபடியே பட்டையை நூல் பிடித்த மாதிரி நேராக வைப்பாள். எனக்குப் பெரும்பாலும் நீதான் தெரிவாய், ஸ்கூல் யூனிஃபார்மில் கதவோரம் நின்று எதையோ கேட்டுக்கொண்டு. "இர்ரா, தோ வரேன்" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். டீ மணி அடித்து வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறையும், கால் தரையில் பாவாது. வேப்பமரத்தடியில் சற்று உட்கார்ந்தால்தான் யார் யார் பெயர் என்ன என்று திரும்ப வரும். ரொம்ப காலம் இதை ஒரு குறையாகவே நாங்கள் நினைக்கவில்லை. வீட்டுக் கவலை தெரியாமல் இருக்க இப்படியும் ஒரு ரூம் கிடைத்ததே என்று சிரித்திருக்கிறோம்.

மல்லிகாவின் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது. முதலில் அவளால் பூ கட்ட முடியவில்லை. பிறகு ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். "கை கீது, ஆனா எங்கூட இல்லடி" என்று அவள் சொன்னபோது நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக் கிள்ளிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஃபேன் ஓடும்போதே ஒட்டுகிற மாதிரி வேறு சொல்யூஷன், இல்லாவிட்டால் மேசைக்கு மேலேயே நெடியை இழுக்கிற குழாய், நல்ல மாஸ்க், ஒருத்தியையே நாள் முழுக்க உட்கார வைக்காமல் மாற்றி மாற்றி வேலை. மேனேஜர் "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஒரு மழைக்காலம் போனது. ஒரு நாள் காலையில் ஒட்டு ரூம் பெண்கள் அத்தனை பேரும் உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரமாக நின்றுவிட்டோம். மதியத்துக்குள் உள்ளே போய்விட்டோம், அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் உன் நைனா பேப்பரை விரித்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "இன்னாடி பண்ணீங்கோ? 'ராணுவத் தளவாட உற்பத்திக்கு முட்டுக்கட்டை, பின்னணியில் யார்?' அப்டீன்னு போட்டுக்கீறான்!" நான் என் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்க் குடம்தான் இருந்தது.

அந்தச் செய்தியில் கம்பெனி தரப்பு பத்தி பத்தியாகப் பேசியிருந்தது. கடைசி வரியில், தொழிலாளர்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று போட்டிருந்தார்கள். ஹைவே ஓரத்தில் கலர் கலராகப் புடவை கட்டிக்கொண்டு அத்தனை பேர் நின்றோம். பூந்தமல்லி பஸ்ஸில் போனவனெல்லாம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான், பத்திரிகைக்கு மட்டும் நாங்கள் அகப்படவில்லை. அன்று சாயங்காலம் டிவியில் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். பின்னால் எல்லையில் பனி பெய்வதைக் காட்டிக்கொண்டே, இந்த நேரத்தில் இது தேவையா என்று ஒருவர் கண் கலங்கக் கேட்டார். இன்னொரு பத்திரிகை எங்களுக்கு ஆதரவாம். விஷ வாயு தாக்கிப் பெண்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்ததாக எழுதியது. யாரும் விழவில்லை கண்ணு. விழாமல், சிரித்துக்கொண்டு, மிதந்துகொண்டு வேலை செய்ததுதான் ஆபத்து. அந்தச் செய்தியைக் காட்டி, "விழுந்தவங்க யாரு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்க" என்று மேனேஜர் கேட்டார். நாங்கள் எதைக் காட்டுவது? ஒரு பேப்பரில் துரோகி, இன்னொரு பேப்பரில் பிணம், மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிற மனுஷியாக எதிலும் நாங்கள் இல்லை. கிறக்கத்தில் பட்டை கோணிப்போனால் எங்கோ ஒரு பையன் நனைவான், அதற்காகவும்தான் ஃபேன் கேட்கிறோம் என்று மல்லிகா கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். அதை எழுதிக்கொண்டு போனவர் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் உன் பேச்சு வந்தது. "உம் புள்ள டிவில தான கீறான், அவன இட்டாந்து காட்டேன்" என்றாள் மல்லிகா. காட்டலாம், ஆனால் உள்ளே எப்படி விடுவார்கள்? ராணுவத்துக்குப் பொருள் செய்கிற இடம், எங்கள் போனையே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருஷத்தில் ஆயுத பூஜை அன்று மட்டும்தான் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள், போட்டோவும் எடுக்கலாம். ஆவடியிலிருந்து திருமழிசை வரைக்கும் இந்த மாதிரி இடங்களில் வேலை செய்கிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள், அப்பா அம்மா வேலை செய்கிற இடத்தைப் பிள்ளைகள் பார்ப்பது அந்த ஒரு நாள்தான் என்று. நீயும் சின்ன வயதில் வந்திருக்கிறாய். மெஷினுக்கு வாழைக்கன்று கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, எங்கம்மா தினமும் கல்யாண வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாய். அதையாவது நான் நினைத்துப் பார்த்திருக்கலாம். யாருக்கும் உறைக்கவில்லை. கேட்டை எப்படித் தாண்டுவது என்பது ஒன்றுதான் எங்கள் எல்லாருடைய யோசனையிலும் இருந்தது. தாண்டி வந்தால் உள்ளே அன்று என்ன இருக்கும் என்று ஒருத்திகூட யோசிக்கவில்லை.

அதிலும் கூத்து என்னவென்றால், முந்தின நாள் முழுக்க நாங்களே உட்கார்ந்து கழுவினோம். பூஜை என்றால் சும்மா விட முடியுமா? மேசையில் காய்ந்து கிடந்த சொல்யூஷனைச் சுரண்டி எடுத்தோம். டின்களை ஸ்டோருக்குள் அடுக்கிப் பூட்டினோம். ஜன்னல்களைத் திறந்து கம்பி கம்பியாகத் துடைத்தோம். ஃபேன் கூண்டுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து மாலை போட்டோம். ரூம் காய வேண்டும் என்று அதை ஓடவும் விட்டார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடியது. நீ வந்தாய். நாங்கள் பட்டுப்புடவையில் நின்றோம். சாம்பிராணிப் புகை மெதுவாக மேலே ஏறி, ஜன்னல் வெளிச்சத்தில் திரும்பி, ஃபேன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. உடைத்த பூசணிக்காயின் ஈர வாடை, கற்பூரம், மல்லிகைப்பூ. நீ ஒட்டு ரூம் வாசலில் நின்று மூச்சை இழுத்தாய். "கோயில் மாதிரி இருக்கும்மா" என்றாய். உனக்குக் காட்ட வேண்டியதை நாங்களே கழுவித் துடைத்துவிட்டோம் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

மல்லிகா மட்டும் விடவில்லை. உன்னை ஓரமாகக் கூட்டிப்போய் ஃபேனைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், தன் கையைக் காட்டினாள். "இன்னிக்குத்தான் இப்டிக் கீது பாலாஜி, நாளைக்கு வந்து பாரு, எல்லாத்தையும் சாத்திடுவானுங்கோ" என்றாள். நீ கேமராவை அவள் முகத்துக்கு நேராக வைத்து எல்லாவற்றையும் எடுத்தாய், கேள்வியும் நல்ல கேள்வியாகவே கேட்டாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் பொரி கொடுத்தார்கள். மல்லிகா கையை நீட்டி வாங்கினாள். விரல்கள் மூடவில்லை. அவ்வளவு பொரியும் கை வழியாகக் கொட்டிக்கொண்டே போனது, புடவையிலும் தரையிலும். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இன்னொரு கை வாங்கினாள், அதுவும் கொட்டியது, இன்னும் சிரித்தாள். நீ அதையும் எடுத்தாய். அது ஏன் கொட்டுகிறது என்று அவள் கொஞ்சம் முன்னால்தான் உன்னிடம் சொல்லியிருந்தாள்.

உன் சேனலில் அது வந்த அன்று நம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். தன்னை டிவியில் பார்க்க மல்லிகா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ராணுவ வீரர்களுக்காக உழைக்கும் தாய்மார்களின் உற்சாக ஆயுத பூஜை என்று போட்டார்கள். மல்லிகாவின் முகம் வந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை, குரல் இருக்க வேண்டிய இடத்தில் நாதஸ்வரம் வாசித்தது. பிறகு அவள் கை, ஸ்லோமோஷனில், பொரி விழ விழ. அழகாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஒவ்வொரு பொரியும் தயங்கித் தயங்கி, வெளிச்சத்தில் திரும்பித் திரும்பி, என் கனவில் மழை விழுகிற மாதிரி விழுந்தது. மகிழ்ச்சிப் பெருக்கில் பொரியை வாரி இறைக்கும் பெண்கள் என்று ஒரு இனிமையான குரல் சொன்னது. மல்லிகா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீறேன் இல்ல?" என்றாள். அப்புறம் அந்தக் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

அந்தத் துண்டுதான் போன் போனாகச் சுற்றியது. உனக்கு டெல்லி கிடைத்ததும் அதனால்தான் என்கிறார் உன் நைனா. இருக்கலாம். நாங்கள் ஃபேன் விஷயமாக லேபர் ஆபீசர் முன்னால் போய் உட்கார்ந்தபோது மேனேஜர் போனை நீட்டி அதைப் போட்டுக் காட்டினார். ஆபீசர் பார்த்துவிட்டு, "எல்லாரும் சந்தோஷமாத்தானேம்மா இருக்கீங்க" என்றார். அதில் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது மல்லிகாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெளியாளிடம் கம்பெனியைப் பற்றிப் பொய் சொன்னாள் என்பது குற்றச்சாட்டு. நீங்கள் ஒளிபரப்பாத பேச்சு அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நீங்கள் இருவரும் பேசிய இடத்துக்குப் பக்கத்திலேயே கம்பெனி ஆள் ஒருவர் சுண்டல் பாத்திரத்தோடு நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமை கம்பெனியிலேயே விசாரணை. அதில் அவள் சொன்னது பொய் என்று முடிவானால் வேலை போய்விடும். அந்த விரல்களை வைத்துக்கொண்டு இனி அவளை வேறு எந்தக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும்?

நான் கேட்டபோது நீ சொன்னாய், "நான் கட் பண்ணலம்மா, எடிட்டிங் டெஸ்க்ல பண்ணிட்டாங்க. டிஃபென்ஸ் மேட்டர்னா அஃபிஷியலா யாராவது சொன்னாத்தான் போடுவாங்க." நம்புகிறேன். உங்கள் இடத்தில் செய்தி எப்படி வேகிறது என்று நீயேதான் சொல்லியிருக்கிறாய். கோட்டு சூட்டு போட்டவர் சொன்னால் அது தகவல், நாங்கள் சொன்னால் புகார், அந்தப் புகாருக்கும் 'கூறப்படுகிறது' என்று ஒரு வால். யாரும் மிரட்டவில்லையா என்று கேட்டதற்கு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, எல்லாருக்கும் தெரியும் எது போகும் எது போகாதுன்னு" என்றாய். அந்த வார்த்தையைத்தான் நான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் சாத்தியிருக்கிறது, ஃபேன் நின்றிருக்கிறது, முதலில் கொஞ்ச நேரம் தலை வலிக்கும், அப்புறம் வலிக்காது. எனக்குத் தெரியும் கண்ணு, நானும் அப்படி ஒரு ரூமில்தான் இருக்கிறேன். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது, கை தன் பாட்டுக்கு நேராக ஒட்டிக்கொண்டே இருக்கும். டெல்லிக்குப் போனாலும் அடிக்கடி எழுந்து வெளியே வா. ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து யார் யார் பெயர் என்ன என்று ஞாபகப்படுத்திக்கொள்.

ஸ்கூலுக்கு யாரோ வந்து ஷூ கொடுத்தார்களே, அது உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு வந்த ஷூ சின்னதாகப் போய்விட்டது. போட்டோவுக்கு எல்லாரும் சிரியுங்கள் என்றபோது கால் வலியில் உன்னால் சிரிக்க முடியவில்லை. பேப்பரில் போட்டோ வந்ததும் நைனா நாலைந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். புதிய காலணிகளுடன் பூரிப்பில் மாணவர்கள். நீ ஓரத்தில் நின்றதால் வெட்டிவிட்டிருந்தார்கள், உன் முழங்கை மட்டும் இருந்தது. "நான் எங்கம்மா?" என்று பேப்பரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாய். நானும் மல்லிகாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. சாப்பாட்டைத் தொடாமல், "எனக்கு வலிச்சுதுன்னு போட வேண்டியதுதானே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அந்தப் பிள்ளையிடம்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

டெல்லியில் உன்னைப் பெரிய பெரிய இடங்களுக்கு அழைத்துப் போவார்கள். டேங்க் மேல் ஏற்றி உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். அந்த நாளெல்லாம் ஆயுத பூஜைதான் கண்ணு. கழுவிப் பொட்டு வைத்துவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிற நாளில் போ, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கூப்பிடாத ஒரு நாளிலும் போ. உள்ளே விடாவிட்டால் வெளியே டீக்கடையில் நில், ஷிஃப்ட் விட்டு வருகிறவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்.

நேற்று மறுபடி அந்தக் கனவு வந்தது. கோட்டுகள் எல்லாம் நம் சிக்னலில் நின்றிருந்தன. பச்சை விழுந்தும் நகரவில்லை. மழை மட்டும் பொரி மாதிரி வெள்ளை வெள்ளையாக, அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு தோள்பட்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கோட்டில் பட்டை கோணியிருந்தது. உள்ளேயிருந்து, "இறங்குதும்மா" என்றது குரல். முகத்தைப் பார்க்காமல் விழித்துக்கொண்டேன்.

சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதே. செவ்வாய்க்கிழமை வா. மல்லிகா தன் பக்கம் சாட்சிகளைக் கூப்பிடலாம். நான் போகிறேன், என் வேலைக்கும் என்ன ஆகும் என்று தெரியாது. நீயும் வந்து, அவள் உன்னிடம் என்ன சொன்னாள், பொரி ஏன் கொட்டியது, அது எந்த ஆபீசில் மகிழ்ச்சியாக மாறியது என்று சொல்ல வேண்டும். சொன்னால் டெல்லி வேலை உன் கையைவிட்டுப் போய்விடலாம், சேனல் வேலையேகூடப் போய்விடலாம். அது தெரியாமல் கேட்கவில்லை. உன் நைனாவிடம் சொன்னேன். அவர் "அவன் வாழ்க்கடி அது" என்றார். "மல்லிகாவுக்கும் அது வாழ்க்கதான்" என்றேன். போனை எடுத்து உன் டிக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செவ்வாக்கெயமைக்கு அப்பால வேற வண்டி கீதான்னு பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நீ வராவிட்டால் எனக்குக் கோபம் வரும், ஒளித்து வைக்க மாட்டேன். அப்போதும் ஸ்டேஷனுக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வருவேன், ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது.

விசாரணையில் உன்னிடம் கேட்பார்கள், வேலை நடக்கிற நாளில் ஒட்டு ரூமைப் பார்த்திருக்கிறீர்களா என்று. பார்த்ததில்லை என்று உள்ளதைச் சொல். அப்படியென்றால் நெடி இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதற்கு மட்டும் தெரியாது என்று சொல்லிவிடாதே. நீ சின்னவனாக இருந்தபோது, நான் இரண்டாவது ஷிஃப்ட் போகிற நாட்களில், என் வேலைப் புடவையை முகத்தில் போட்டுக்கொண்டால்தான் தூங்குவாய். துவைத்த புடவையைக் கொடுத்தால் தூக்கி எறிவாய். மல்லிகா பவுடர் போட்டு, பூ வைத்து, என்னென்னவோ செய்து பார்ப்பாள், "இது எங்கம்மா இல்ல" என்று அழுவாய். கரையான்சாவடி போகிற வழியில் பஞ்சர் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் கையை இழுத்து நிறுத்தி, "அம்மா வாசனை வருது" என்பாய். கடைக்காரர்கூடச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அதுதான் கண்ணு எங்கள் ஒட்டு ரூம். அதை முகர்ந்துகொண்டுதான் நீ தூங்கினாய். செவ்வாய்க்கிழமை வேலை நாள், ஜன்னல் சாத்தியிருக்கும், ஃபேன் நின்றிருக்கும். கேட்டைத் தாண்டி உள்ளே வந்து ஒரு மூச்சு இழு, உனக்கே தெரிந்துவிடும்.

அம்மா